பூங்காவுக்குள் வரம்பு கட்டிய மசூர்

கல்முனைக் கடற்கரையோரம் இருந்த அந்தப் பூங்காவின் அடிவயிறு காவலாளி மசூருக்குத் தெரியும். எண்பத்திரண்டில் அதை அமைத்தபோது, வெறும் மணலில் புல் பிடிக்காது என்று வயல் களிமண்ணை உழவு மெசினில் ஏற்றிவந்து கொட்டினார்கள். கொட்டிய கூலியாட்களில் மசூரும் ஒருவர். வேலை முடிந்ததும் மற்றவர்கள் போனார்கள், இவர் காவலுக்கு நின்றுவிட்டார். நான்கு ஊஞ்சல், ஏழு வாகை மரம், ஒரு நாளும் தண்ணீர் பீச்சாத நீர்வீச்சுத் தொட்டி ஒன்று. அவ்வளவுதான் பூங்கா. ஆனாலும் பின்னேரமானால் உட்கார இடம் கிடைக்காது.

சுனாமி ஊஞ்சல்களையும் கொண்டுபோனது, மசூரின் வீட்டையும் கொண்டுபோனது. பிறகு ஒன்றரை வருடம் அங்கே அகதிக் கூடாரங்கள். அவை போன பின்னும் புல் முளைக்கவில்லை. களி குடித்த உப்பு வடிய வழியில்லை. வடியவேண்டிய கடற்பக்க மூலையில் மண்மூட்டை அடுக்கிய படையினரின் காவலரண். அங்கே மண்வெட்டியோடு யார் போவது?

யுத்தம் முடிந்து காவலரண் எடுபட்டது. அந்த மாதமே மாநகரசபைப் பொறியியலாளர் தர்மிகன் அங்கே கடைத்தொகுதி கட்டும் வரைபடத்தோடு வந்து இறங்கினார்.

"மணல் நிலத்தில உப்பு இவ்வளவு காலம் நிக்காது, மசூர். இது உப்பில்ல, செத்த நிலம்."

"ஆரு சேர் மணலெண்டது? ரெண்டடிக்குக் களி இரிக்கி. கொட்டினவன் நான்."

"இப்ப என்ன செய்யச் சொல்லுறீங்க?"

"ஒரு மாரி மழைக்காலம் தாங்க. ஜனவரிக்குள்ள பச்ச காட்டல்லெண்டா, நானே உங்கட கடைக்கு முளைக்கட்ட அடிச்சித் தாறன்."

மசூர் பூங்காவை வயல்போலப் பன்னிரண்டு துண்டாக வரம்பு கட்டினார். காவலரண் இருந்த மூலையில் கடலுக்கு வாய்க்கால் வெட்டினார். மழை விழுந்ததும் தண்ணீரை மூன்று நாள் தேக்கி, பிறகு வரம்பை வெட்டிவிட்டார். மறுபடி தேக்கினார், மறுபடி வெட்டிவிட்டார்.

பெரியநீலாவணையிலிருந்து வந்து வாசலில் கச்சான் கடலை விற்கும் பூமணியின் கேலிக்கு அது நல்ல தீனி.

"மசூர் காக்கா, வயல்காரப் போடியாராகிட்டீங்க போல! அறுவடைக்கு எப்ப வரட்டும்?"

"கச்சான வறு புள்ள, என்ன வறுக்காத."

வடிகிற தண்ணீரை ஒவ்வொரு முறையும் நாக்கில் வைத்துப் பார்ப்பார். முதல் தரம் காறித் துப்பினார். நான்காம் தரம் கஞ்சிக்குப் போடுகிற அளவு உப்பு. ஆறாம் தரம் விழுங்கினார். அன்றே வயற்கரையிலிருந்து சாக்குச் சாக்காக அறுகம்புல் கொண்டுவந்து ஊன்றினார்.

ஜனவரியில் தர்மிகன் ஆட்களோடும் அளவுக் கயிற்றோடும் முளைக்கட்டைகளோடும் வந்தார். பதினொரு துண்டு பச்சை. பன்னிரண்டாவது வெள்ளையாகவே கிடந்தது. மசூர் அதை மறைக்கவில்லை.

"அதுக்குக் கீழ பள்ளம், சேர். வடியல்ல."

தர்மிகன் குனிந்து ஒரு பிடி அறுகை இழுத்தார். வரவில்லை.

"சரி, பூங்கா இருக்கட்டும். அந்த வெள்ளைத் துண்டிலயாவது ரெண்டு கடை போடுவமே?"

"கடைக்கு ஊரில பஞ்சமா சேர்? பொம்புளையள் புள்ளைகளோட வாற இடம். இருபத்தேழு வருசமாக் கக்கூஸ் ஒண்டில்ல. அதக் கட்டுங்க."

"ஓம் சேர்! எனக்குத்தான் தெரியும் அந்தக் கரைச்சல்!" என்று வாசலிலிருந்து பூமணி கத்தினாள்.

முளைக்கட்டை பிடித்து நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தர்மிகனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரைபடத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம் கீறினார். வெள்ளைத் துண்டை அளக்க நீட்டிய கயிற்றின் மறுமுனையை மசூர் பிடித்துக்கொண்டார்.