நான் கூட்டிய ஐந்து மணி நேரம்

பிற்பகல் ஒன்று பத்து. என் கணக்குப்படி அந்த நேரத்தில் கடல் எங்களை விட்டு வெகுதூரம் போயிருக்க வேண்டும். ஆனால் ஓர் அலை வந்து என் ஷூவை நனைத்துவிட்டுப் போனது. இதுதான் கடைசி, இனிமேல் உள்வாங்கும் என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றேன். அடுத்த அலை அங்கேயும் வந்தது. என் பதினேழு வயது மகள், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான எடிசனுக்குத் திரும்பி இதை எழுதும்போதும் அதற்குப் பின் நடந்தவை எனக்கு வரிசையாக வரவில்லை.

டிசம்பர் கடைசி வாரம். இங்கிலாந்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தோம். இந்தக் குளிரில் யாராவது கடலுக்குப் போவார்களா என்று தோழிகள் சிரித்தார்கள். மகள் கேட்டது அது ஒன்றைத்தான். அவள் ஆசைப்பட்ட காலேஜிலிருந்து இல்லை என்று பதில் வந்திருந்தது. ஒரு வாரம் நடக்க வேண்டும், நடக்கும்போது யாரும் காலேஜ் பற்றிப் பேசக் கூடாது என்றாள். சத்தியம் செய்துகொடுத்தேன்.

நியூ ஜெர்சி கடல் எனக்குப் பழக்கம். அங்கே தண்ணீர் ஏறினால் விரித்த போர்வையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டால் போதும். இங்கே காலையில் ஜன்னலைத் திறந்தால் கடலையே காணோம். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. “யாரோ அடியில அடைப்பைப் பிடுங்கி விட்டுட்டான்” என்றார் கணவர்.

மூன்று நாள் மேட்டுப் பாதையில் நடந்தோம். நான்காம் நாள் அவளுக்குக் கீழே, மணலில் போக வேண்டும். தண்ணீர் நன்றாக வடிந்திருக்கும்போது மட்டும் இறங்கவும் என்று படிக்கட்டருகே பலகை இருந்தது. தண்ணீர் முழுக்க வடியும் நேரத்தைப் போனில் பார்த்தேன்: எட்டு பத்து. பதினெட்டு வருடமாகச் சென்னை டீமோடு வேலை பார்க்கிறவள் நான். எந்த நேரத்தைப் பார்த்தாலும் மனசு தானாகக் கூட்டும், கழிக்கும். அமெரிக்க போன்தானே, எங்கள் ஊர் நேரத்தைத்தான் காட்டும் என்று இங்கிலாந்துக்காக ஐந்து மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு நானும் அவளும் மட்டும் இறங்கினோம்.

இறங்கியதும் வாய் சும்மா இருக்கவில்லை.

“அந்த இன்னொரு காலேஜுக்கு எஸ்ஸே முடிச்சிட்டியா? ஒண்ணாம் தேதி டெட்லைன்.”

“அம்மா, யூ ப்ராமிஸ்ட்.”

“கேட்டா என்ன குறைஞ்சு போச்சு? நானா எழுதப் போறேன்?”

“நீயே எழுது. மேபி தே வில் டேக் யூ.”

விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். கோபம் ஆறட்டும் என்று நான் பின்தங்கினேன். அவள் போனுக்கு ரோமிங் போடவில்லை. வீட்டு வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும்.

ஒன்று பத்துக்குப் பிறகு பாறையின் அடியில் மணலே இல்லை. கணவரை அழைத்தேன். வாடகை வீட்டிலிருந்தபடி ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார்.

“என்னங்க, அவ பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கா. தண்ணி ஏறிக்கிட்டே வருது.”

“வடியுற நேரம்னு சொன்னியே?”

“ஆமாங்க. எட்டு பத்து, பிளஸ் அஞ்சு. ஒண்ணு பத்து.”

“எதுக்குக் கூட்டின? அதுல இந்த ஊர் டைமையேதானே போட்டிருப்பான்?”

அன்று காலை எட்டு மணிக்கு, கையில் காபியோடு, கடல் வெறும் கோடாகத் தொலைவில் கிடந்ததை நானே பார்த்திருந்தேன். பார்த்ததையும் போனில் படித்ததையும் சேர்த்துப் பார்க்க ஏன் தோன்றவில்லை? இன்றும் புரியவில்லை.

“நான் எமர்ஜென்சிக்குக் கூப்பிடறேன். நீ தண்ணில மட்டும் இறங்காத” என்றார்.

இறங்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் குளிர் கடித்தபோதுதான் குனிந்து பார்த்தேன். பாறைக்கு அப்பால் சிவப்பாக ஏதோ மிதந்தது. அவள் ஜாக்கெட் சிவப்பு. கத்தினேன். அது திரும்பியது, மீன்பிடி வலையின் மிதவை. நிம்மதியாக இருந்ததா, இன்னும் பயமாக இருந்ததா, தெரியவில்லை. “அம்மா” என்று கேட்டது. கடலிலிருந்துதான் கேட்டது என்று சத்தியமாக நம்பி இன்னும் இரண்டடி உள்ளே போனேன். தண்ணீர் தொடைக்கு வந்தது.

பின்னாலிருந்து யாரோ என் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

திரும்பினேன். என் மகள். உலர்ந்த ஜாக்கெட், இடுப்புவரை நனைந்த ஜீன்ஸ். படிக்கட்டில் நாயோடு ஒரு பெண்மணி மூச்சுவாங்க நின்றிருந்தார். பாறைக்கு அந்தப் பக்கமும் படிகள் இருந்தன. தண்ணீர் ஏறுவதைப் பார்த்து அந்தப் பெண்மணிதான் இவளை மேலே கூப்பிட்டிருக்கிறார். மேலிருந்து என்னைப் பார்த்துவிட்டு இவள் ஓடிவந்திருக்கிறாள்.

அவள் என் கோட்டை விடவேயில்லை.

“அம்மா, ஆர் யூ கிரேஸி? எவ்வளவு நேரமா மேலேர்ந்து கத்துறேன்! உனக்கு நீச்சல்கூடத் தெரியாது!”