டாங்கியை நிரப்பிக்கொண்டு வாருங்கள்

கராஜ் தொழிலில் வாகனத்தைத் திருத்துவது பாதி வேலைதான். மற்றப் பாதி, அதில் கிடந்த பெற்றோலை நாங்கள் குடிக்கவில்லை என்று நிரூபிப்பது. தையற்கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கும் நகை செய்யும் அன்பர்களுக்கும் நான் சொல்ல வருவது உடனே விளங்கும். மிச்சத் துணி எங்கே, தேய்ந்த பொன் எங்கே என்று உங்களைப் பார்க்கிற அதே பார்வைதான் எங்களுக்கும். லிங்கநகரில் கராஜ் வைத்திருக்கும் நான் அந்தப் பார்வையை ஒருமுறை வென்றிருக்கிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் பிடித்த ஐயா

பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த காலத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. தூரப் பயணம் என்றால் பெற்றோல் ஷெட்டில் டாங்கியைக் கழுத்துவரை நிரப்புவது ஒன்று. கராஜுக்கு வாகனம் கொடுக்க முதல், இருக்கிற பெற்றோலைக் குழாய் போட்டு உறிஞ்சி வீட்டில் பத்திரப்படுத்துவது மற்றது. அதனால் எங்கள் முற்றத்துக்கு வருகிற வாகனமெல்லாம் வெறும் வயிற்றோடுதான் வரும். டாங்கியை ஏன் காலியாக்கினீர்கள் என்று கேட்டால் சங்கடம். நான் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

கந்தோரில் வேலை பார்க்கும் ஐயா ஒருவர் மட்டும் வித்தியாசமானவர். காரின் திறப்புக் கொத்தைத் தர முதல் கைப்பேசியை எடுத்து பெற்றோல் அளவு காட்டும் முள்ளைப் படம் பிடித்தார். பிறகு என்னையும் அந்த முள்ளுக்குப் பக்கத்தில் முகத்தை வைக்கச் சொல்லி இன்னொரு படம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னோடு வெல்டிங் வேலை பார்க்கும் சிவமண்ணைக்கோ சிரிப்பு அடங்கவில்லை. அவர் சொன்னார்: "அசையாமல் நில்லடா யோகன். உன்ர கலியாணத்திலகூட இவ்வளவு கவனமா ஒருத்தரும் உன்னைப் படம் எடுக்கேல்லை."

மணக்காத பிக்கப்

கிண்ணியா கலீல் நானா கலியாண வீடுகளுக்குச் சமைப்பவர். அரிசி மூட்டை, வெங்காயம், சமையல் கிடாரம், காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஒரு பழைய பிக்கப் அவரிடம் இருந்தது. இந்தப் பக்கத்து பிக்கப் எல்லாம் டீசலில் ஓட, அவருடையது மட்டும் பெற்றோலில் ஓடும். அதை ஒருநாள் கொண்டுவந்து, உள்ளே பெற்றோல் மணக்கிறது என்றார்.

நான் படுத்துக்கொண்டு பார்த்தேன். குழாய்களைத் தடவினேன், கிளிப்புகளை முறுக்கினேன், இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். ஈரமும் இல்லை, மணமும் இல்லை. சிவமண்ணையையும் கூப்பிட்டு மணக்கச் சொன்னேன், அவரும் உதட்டைப் பிதுக்கினார். டாங்கியில் அடிமட்டத்தில் கொஞ்சம் பெற்றோல் கிடந்தது. அது எல்லா வாகனத்திலும் காண்கிறதுதானே என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு பிழையும் இல்லை என்று சொல்லித் திறப்பைத் திருப்பிக் கொடுத்தபோது நானா என் முகத்தையே உற்றுப் பார்த்தார்: "பாஸ், பிழ உங்கட மூக்கில இரிக்குமோ?"

கண்ணூறு

அடுத்த முறை நானா வந்தபோது முகம் கறுத்திருந்தது. தூரத்து ஊர் ஒன்றில் நடந்த கலியாணத்தில் அவருடைய புரியாணியில் பெற்றோல் மணந்ததாம். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த பின்பெட்டியில் அரிசி மூட்டை போனதால் வந்த வினை என்று அவருக்கே தெரியும். ஆனால் ஒன்று அவருக்குப் பிடிபடவில்லை. மற்ற நாட்களில் மணமே கிடையாது, கலியாணத்துக்குப் போகிற நாளில் மட்டும் மணக்கிறது. வேறொரு சமையல்காரரின் கண்ணூறுதான் என்று முடிவு கட்டியிருந்தார்.

நான் மறுபடி கீழே போய்ப் பார்த்தேன். டாங்கி மறுபடி காலி, மறுபடி ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூதூரில் ஒரு பெரிய கலியாணம். மணம் வந்தால் இனி நானாவைக் கூப்பிடுவதில்லை என்று அந்த வீட்டார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஒரு சமையல்காரரின் பெயர் என் கையில் கிடந்து நசிகிறது என்ற எண்ணம் என்னை வாட்டியது. அதே பிக்கப்பில் காஸ் சிலிண்டரும் போகிறதே என்ற பயம் வேறு. நானா கதிரையில் இருந்துகொண்டு தலையைப் பிடித்தார்: "மாப்பிள்ளட மாமா செல்றார், ‘கலீல், சோறு நல்லம், ஆனா பக்கத்தில நெருப்புக்குச்சி தட்டாத’ எண்டு. நான் எந்த முகத்தோட பாஸ் மூதூருக்குப் போற?"

குசினியிலிருந்து வந்த குழாய்

போகும்போது அவர் ஒரு சவாலும் விட்டார். தன் வீட்டு வாசலில் வந்து மணந்து பார்க்கட்டாம். எனக்கும் ரோசம் வந்தது. அடுத்த நாள் காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைக் கடந்தேன். மூதூருக்குச் சாமான் ஏற்றுவதற்காக நானா டாங்கியை நிரப்பி வைத்திருந்தார். படலையைத் திறக்கும்போதே மணம் மூக்கில் அடித்தது. கீழே படுத்தேன். டாங்கியின் மேலிருந்து ஈரம் வழிந்து, அடியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. கள்வனைக் கையும் களவுமாகப் பிடித்தது போலச் சந்தோஷம் எனக்கு. பெற்றோல் பம்ப் டாங்கிக்குள் தொங்குகிறது. அதன் மூடித் தட்டு டாங்கியின் மேற்பக்கத்தில் இருக்கிறது. தட்டும் அதன் ரப்பர் சீலும் பழுதென்றால், பெற்றோல் அந்த மட்டத்துக்கு ஏறினால்தான் கசியும். கலியாண நாட்களில்தான் நானா டாங்கியை நிரப்புவார். கண்ணூறும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நானா, இப்பவே கொண்டு வாங்கோ" என்றேன். "இந்தா வாறன்" என்று உள்ளே போனவர், குசினியிலிருந்து ஒரு குழாயும் பிளாஸ்டிக் கானுமாக வந்து டாங்கி மூடியைத் திறக்கத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு முறையும் நோயை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, நோயாளியை மட்டும் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். இது என்ன வேலை என்று கேட்டேன். நானா வெட்கப்படவே இல்லை: "கராஜுக்குப் போறதெண்டா எடுத்து வைக்கிறதுதானே. உங்களச் செல்லல்ல பாஸ், பொதுவாச் செல்லுறன்."

பொதுவாகச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. ஒரு சொட்டும் எடுக்காமல் கொண்டுவந்து விட்டால் தொடுகிறேன், இல்லாவிட்டால் வேறு கராஜைப் பாருங்கள் என்று உரத்துச் சொல்லிவிட்டேன். நானா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பிக்கப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முடிவு குசினி யன்னலிலிருந்து வந்தது, அவருடைய மனைவியின் குரலில்: "சோறு மணக்கிறத விட பெற்றோல் போனாக் காரியமில்ல, குடுத்துட்டு வாங்க!"

கதிரையில் இருந்த காவல்

நிறைந்த டாங்கியோடு பிக்கப் எங்கள் முற்றத்துக்கு வந்தது. கூடவே நானாவும் வந்தார். கதிரையை இழுத்து டாங்கி மூடிக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்தார். புது பம்ப் அசெம்பிளி வாங்க நான் கடைக்குப் போய் வரும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் எழும்பவில்லை. பிளேன்ரீ கொடுத்தோம், குடித்தார். கண் மட்டும் அகலவில்லை.

பின்னேரம் மூதூர்க் கலியாண வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. விறகும் பந்தலும் பார்க்க அவர் உடனே வரவேண்டுமாம். எழும்பினார், இருந்தார், மறுபடி எழும்பினார். கடைசியில் திறப்பை என் கையில் வைத்தார். எத்தனையோ பேர் எனக்குத் திறப்புத் தந்திருக்கிறார்கள், ஆனால் அதன் பாரம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தவருக்கு சிவமண்ணை தைரியம் சொன்னார்: "பயப்பிடாமல் போங்கோ நானா, இவன் பிளேன்ரீயைத் தவிர வேற ஒண்டும் குடிக்கமாட்டான்."

தலைகீழான களவு

டாங்கியைத் திறக்கிற வேலை என்றால் முதலில் பெற்றோலை எடுத்தாக வேண்டும். எடுக்கக்கூடாது என்று சண்டை பிடித்த நானே குழாயைப் போட்டுக் கான்களில் இறக்கினேன். பற்றரி வயரைக் கழற்றினேன், சிவமண்ணையின் வெல்டிங்கை நிறுத்தினேன். டாங்கியைக் கீழே இறக்குவதை விடப் பின்பெட்டியைத் தூக்குவது சுகம் என்று அயல் கடைக்காரர்களைக் கூப்பிட்டோம். ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தூக்கினார்கள். டாங்கியின் தலையில் சேறு காய்ந்து கிடந்தது. பம்பைச் சுற்றி மட்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. அதுதான் கசிவின் கைரேகை.

ஒரு மண் துகளும் உள்ளே விழாமல் காற்றடித்துத் துடைத்த பிறகுதான் பழைய பம்பைத் தூக்கினேன். தட்டில் துரு தின்ற துளை, சீல் காய்ந்த தோலைப் போல. புதியதை, அளவு காட்டும் மிதவை வளையாமல் இறக்கி, சீலைச் சரியாகக் குந்தவைத்து, ஆணிகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

கான்களைத் திருப்பி ஊற்றினால் பெற்றோல் கழுத்துக்கு வரவில்லை. அடியில் கிடந்த வண்டலோடு கொஞ்சத்தை நான் கொட்டவேண்டி வந்ததால் அந்தக் குறை. ஷெட் வரை போக எனக்குப் பொறுமை இல்லை. என் மோட்டார் சைக்கிளுக்குக் குழாயைப் போட்டு, கழுத்துவரை ஏற்றிவிட்டுத்தான் மூச்சுவிட்டேன். சொட்டு ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போன என்னைப் பார்த்து சிவமண்ணை கையெடுத்துக் கும்பிட்டார்: "கராஜ்காரன் தன்ர பெற்றோலைத் தானே களவெடுத்து ஊத்தினதை இண்டைக்குத்தானடா பாக்கிறன்."

மணந்து பார்த்த சோறு

நானா திரும்பி வந்தார். நேரே போய் டாங்கி மூடியைத் திறந்தார். கழுத்தில் பெற்றோல் பளபளத்தது. மூடினார். பிக்கப்பைப் பிடித்து ஆட்டினார், குனிந்து மணந்தார், பின்பெட்டிக்குள் தலையை விட்டு மணந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பரிசோதனையில் எப்படியும் வெல்வேன் என்று தெரிந்து பரீட்சை எழுதின பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மோட்டார் சைக்கிள் கதையை நான் சொல்லவில்லை. சிவமண்ணையின் வாய்தான் சும்மா கிடக்காது, முழுவதையும் அவிழ்த்துவிட்டார். நானா அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பிக்கப்பில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகன் கலியாணத்துக்கும் இவ்வளவு தவிக்கமாட்டேன். பின்னேரம் பிக்கப் வாசலில் வந்து நின்றது. நானா வியர்வை காயாத சட்டையோடு இறங்கினார், கையில் துணி மூடிய ஒரு பெரிய சஹன் தட்டு. அதைக் கதிரையில் வைத்துத் துணியை விலக்கினார். நெய்யும் ஏலக்காயும் முற்றமெல்லாம் பரவின. கைகழுவப் போன என்னை மறித்தார்: "மணந்து பாத்துட்டுச் சாப்பிடுங்க பாஸ், கலியாண வீட்டில எல்லாரும் அப்பிடித்தான் சாப்பிட்டாங்க."

பிரேக்குக்கு வந்தவர்

கொஞ்ச நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு வயல்காரர் தம்பலகாமத்திலிருந்து வான் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். பழக்கத்தில் முள்ளைப் பார்த்தேன், கண்ணை நம்ப ஏலவில்லை. முள் உச்சியில் நின்றது. பிரேக் வேலைக்கு டாங்கி நிறைந்திருக்க வேண்டியதில்லையே ஐயா என்று கேட்டேன். அவர் திறப்பை என்னிடம் எறிந்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நடந்துகொண்டே சொன்னார்: "கிண்ணியாவில கலீல் நானா சொன்னவர், உங்களிட்ட நிரப்பிக்கொண்டு வந்து விட்டால் ஒரு சொட்டும் குறையாதாம், கூடத்தான் செய்யுமாம்."

இப்போது எங்கள் முற்றம் முழுக்க நிறைந்த டாங்கிகள் நிற்கின்றன, பற்றவைக்கப் பயந்து சிவமண்ணை வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார், நல்ல பெயர் எடுத்தால் தொழில் வளரும் என்று சொன்னவர்கள் இதை மட்டும் எனக்குச் சொல்லித் தரவில்லை.