பத்தொன்பது முறை குணமான கார்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்கிற ஆள் இல்லை. கடைக்கு வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு வில்லையை மாட்டுவார். "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்பார். பிறகு அடுத்தது. வந்தவர் கழுத்து வலித்து, "எல்லாமே தெளிவாத்தான் இருக்கு சார், விட்டுடுங்க" என்று கெஞ்சினாலும் விடமாட்டார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் பலனைப் பார், நோட்டில் எழுது. இதுதான் அவர் கொள்கை. கண்ணுக்கு இந்தக் கொள்கை நன்றாகவே வேலை செய்தது. இதே கொள்கையோடு ஒரு பழைய காரில் கை வைத்ததுதான் வீட்டில் வினையாகிவிட்டது.

காருக்கு அவரைவிட நாலு வயது அதிகம். வாங்கும்போதே அதன் இன்ஜின் உயிரை விட்டிருந்தது. தெரு முனை மெக்கானிக்கைப் பிடித்து, விபத்தில் நசுங்கிய ஒரு புதுக் காரின் இன்ஜினை எடுத்து இதில் பொருத்தினார். புது இன்ஜினுக்குப் பெட்ரோல் வேகமாகப் பாய்ந்து வர வேண்டுமாம், அதற்காக டிக்கியின் அடியில் ஒரு மின்சார பம்ப்பும் ஏறியது. டேங்க்கும் அதன் மூடியும் மட்டும் பழையவை. முதல் நாள் ஓட்டத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவியை உட்காரவைத்துக் கூட்டிப்போனார். பத்து நிமிடத்தில் அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பெட்ரோல் நாத்தம் தாங்கலை. தலை வலிக்குது. இறக்கி விடுங்க, பஸ்ல போயிடறேன்."

அன்று சாயங்காலமே மனிதர் டேங்க் மூடியைக் கழற்றி, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆராய்ந்தார். நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. வயதான மூடி, ஓட்டை விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினார். கண்ணாடி ஃபிரேமுக்குக் காட்டுகிற அதே பொறுமையோடு ரப்பரை வட்டமாக வெட்டி, பசை தடவி, துளையை அடைத்தார். நாற்றம் போயே போய்விட்டது. இதை அவர் நோட்டில் எழுதவில்லை. பழுது பார்த்ததைத்தானே எழுத வேண்டும், இது மனைவிக்குச் செய்த மரியாதை.

மறுநாளிலிருந்து கார் நிற்க ஆரம்பித்தது.

வீட்டிலிருந்து ராஜா மாதிரி கிளம்பும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடி, ஆற்றுப் பாலத்தின் நடுவில் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிவிடும். பெட்ரோல் அளவு காட்டும் முள் எப்போதோ பாதியில் படுத்துவிட்டது. அதனால் அவர் முதல் வேலையாக இறங்கிப்போய் மூடியைத் திறந்து, கடையின் மர ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்ப்பார். திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். வெயிலுக்குப் பெட்ரோல் பெருமூச்சு விடுகிறது என்று எண்ணிக்கொள்வார். ஸ்கேல் நனைந்து வரும். மூடியை இறுக மூடிவிட்டு, எதையாவது ஒன்றை மாற்றுவார். ஃபில்டர், ரிலே, ஒரு வயர், இரண்டு குழாய். ஒரு முறை பாலத்து ஓரத்தில் மல்லாக்கப் படுத்துப் பம்ப்பையே மாற்றினார். என்ன மாற்றினாலும் கார் உடனே கிளம்பிவிடும். கிளம்பியது கிளம்பியதுதான், வீடு வரை வந்துவிடும். நோட்டில், "ஃபில்டர் மாற்றம். குணம்" என்று எழுதுவார். மறுபடி நிற்கும். மறுபடி குணம். இப்படிப் பத்தொன்பது முறை.

மெக்கானிக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. அவருடைய ஷெட்டில் நிறுத்தி, டேங்க்கில் புனலைச் செருகிப் பெட்ரோல் ஊற்றியபடி ஓடவிட்டால் கார் மணிக்கணக்கில் முனகாமல் ஓடும். "சார், இது என்கிட்ட நல்ல பேர் வாங்கிட்டு உங்ககிட்ட போய் நடிக்குது. எனக்கு இதுக்கு மேல தெரியலை" என்று ஒரு நாள் கையை விரித்துவிட்டார்.

இரண்டு வருடம் பொறுத்த மனைவி கடைசியில் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன். ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். வழியில நின்னா, பழைய இரும்புக்காரருக்குப் போன் பண்ணுவேன். சம்மதமா?"

அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மனைவி தான் சொன்னதைச் செய்தே தீருகிறவர். ஆனாலும் நோட்டின்படி கார் குணமாகித்தானே இருக்கிறது. "சம்மதம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தின் நடுவில் கார் இரண்டு முறை இருமி அடங்கியது.

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார். மூடியைத் திறந்தார், உஸ். ஸ்கேலை விட்டார், நனைந்து வந்தது. மூடினார். பையிலிருந்து புது ரிலேயை எடுத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தபோது மனைவி ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"அது என்ன சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

"மூடியைத் திறந்தப்ப வந்துச்சே."

"அது எப்பவும் வரும். நீ உட்காரு, இதை மாத்திட்டா சரியாயிடும்."

"எதையும் மாத்தாதீங்க. சும்மா ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க."

"மாத்தாம எப்படிம்மா கிளம்பும்?"

"பண்ணுங்கன்னா பண்ணுங்க."

கார் கிளம்பியது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது குணங்களும் ஒரே நொடியில் கண்ணெதிரே சரிந்தன.

"கண்ணாடி பாட்டில்ல மருந்து ஏத்தறப்ப, காத்து உள்ள போக ஒரு ஊசி குத்தி வைப்போம்" என்றார் மனைவி நிதானமாக. "இல்லேன்னா கொஞ்ச நேரத்துல சொட்டு நின்னுடும். புதுசா வர நர்ஸுங்க அதை மறந்துட்டு, ட்யூபை மாத்துவாங்க, பாட்டிலை மாத்துவாங்க. உங்க டேங்க்குக்குக் காத்து எந்த வழியாப் போகுது?"

மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் என்று நினைத்து இரண்டு செய்திருக்கிறார். குணமாக்கியது எதுவோ அதை எழுதாமல், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததையெல்லாம் எழுதியிருக்கிறார்.

"மூடியில ஒரு ஓட்டை இருந்துச்சு" என்றார் மெதுவாக. "நான்தான் அடைச்சேன்."

"எதுக்கு?"

"உனக்கு நாத்தம் பிடிக்கலைன்னு சொன்னியே."

மனைவி அவரையே பார்த்தார். கோபப்படுவதா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இந்த மனிதர் தனக்காகத்தான் இரண்டு வருடம் நடுப் பாலத்தில் மல்லாந்து கிடந்திருக்கிறார் என்பதில் அவருக்கு வெட்கமும் சந்தோஷமும் கலந்து வந்தன. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். கண்ணாடிக்காரர் இறங்கிப்போய் மூடியின் ரப்பரில் அழுத்திக் குத்தினார்.

ஆஸ்பத்திரி வரை போனார்கள். திரும்பினார்கள். கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டிருந்ததால் நாற்றமும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், வழியில் நின்றது நின்றதுதான். வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"போன் பண்ணப் போறியா?"

"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு."

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு எனக்கு ஆறு மணிக்கு டியூட்டி. அஞ்சரைக்கு ரெடியா இருங்க" என்று கதவைத் திறந்தார்.

கண்ணாடிக்காரர் பிறந்ததிலிருந்து ஏழரைக்கு முன்னால் எழுந்ததில்லை.

"நாளைக்கு மட்டும்தானே?"

"வண்டியை விக்கிற வரைக்கும்."