அருமனைச் சந்திப்பில் சிரித்த ஜாஸ்மி

அருமனைச் சந்திப்பில் பிளெக்ஸ் வைத்துவிட்டால் அது நடந்ததாகத்தான் கணக்கு. கல்யாணம், கட்சிப் பதவி, பிளஸ் டூ மதிப்பெண் எல்லாவற்றுக்கும் அதுவே அத்தாட்சி. போன ஜூன் மாதம் அங்கே ஜாஸ்மியின் முகம் பத்தடி உயரத்தில் எழுந்தது. 'நாற்பத்திரண்டு வயதில் சாப்ட்வேர் இன்ஜினியர்! எங்கள் மாணவிக்கு வாழ்த்துகள்!' வேலைதான் கிடைத்திருக்கவில்லை.

பத்திர எழுத்தர் பகவதியப்பனிடம் பதினெட்டு வருடம் தட்டச்சு செய்தவர் ஜாஸ்மி. அவர் புரோகிராமிங் படிக்கக் கிளம்பியது லட்சியத்தால் அல்ல, எரிச்சலால். அலுவலகத்துக்கு வாங்கிய மென்பொருள், பழைய சர்வே எண், ரீசர்வே எண் என்று இரண்டும் எழுதினால் அப்படியே நின்றுவிடும். விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தால், "ஒரு நிலத்துக்கு எதுக்கு மேடம் ரெண்டு நம்பர்?" என்று கேட்டான் ஒருவன். இரண்டு எண்ணும் போடும் இந்த மாவட்டத்துப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காதவனே புரோகிராம் எழுதும்போது தான் ஏன் எழுதக் கூடாது என்று தோன்றியது ஜாஸ்மிக்கு.

பேக்கரி மாடியில் ஒரு பயிற்சி நிலையம். சனி, ஞாயிறு மதியங்கள், பத்து மாதம். நடத்துபவன் சஜின், முப்பது வயது, கழுத்தில் டை. நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று சுவரில் எழுதியிருந்தான். பாடம் எடுப்பவர்கள் வீடியோவைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஜாஸ்மி உட்கார்ந்து படித்தார். கடைசி வாரத்தில் சான்றிதழுக்கு என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் சந்திப்புக்குப் போனது.

பிளெக்ஸ் எழுந்த மறுநாள் அலுவலகத்தில் பகவதியப்பன் வாயெல்லாம் பல்லாக வாழ்த்தினார். ஜாஸ்மியின் நாற்காலியில் ரேஷ்மி என்ற புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"சாரே, எனக்கு வேலை ஒண்ணும் கிடைக்கல்ல. அது பொய்யாக்கும்."

"சும்மா இரு பிள்ளே. பத்தடி ஒசரத்துல பொய் எழுதுவானா? எனக்கிட்ட மறைச்சியே, அதுதான் சங்கடம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவருக்காக நன்றி ஜெபம் செய்தார்கள். முதல் சம்பளக் காணிக்கை எப்போது என்று கமிட்டிக்காரர் ஒருவர் சர்ச் வாசலிலேயே விசாரித்தார். இல்லாத வேலைக்கு இத்தனை அக்கறை.

திங்களன்று ஜாஸ்மி மாடி ஏறினார். "எந்தக் கம்பெனி லே அது?"

"கம்பெனி வரும் சேச்சி. இது ஒரு மோட்டிவேஷன்" என்றான் சஜின். "ஒண்ணு செய்யுங்க. புது பேட்ச்சுக்கு நீங்களே பாடம் எடுங்க. அப்ப நீங்களும் ஐ.டி.தானே? போர்டும் பொய்யாகாது."

சஜின் வைத்த முந்தைய பிளெக்ஸ்களில் சிரித்த மூன்று பேரும் அதே மாடியில் பாடம் நடத்துவது அப்போதுதான் ஜாஸ்மிக்கு உறைத்தது. நூறு சதவீதத்தின் லட்சணம் அது. ஆனாலும் சம்பளம் உண்டு. மழையில் ரப்பர் பால் வெட்டும் வேலை நின்று, கணவர் ஜெனின் வீட்டில் இருந்தார். மகள் ஆன்ஸ்லின் பிளஸ் டூ. நாளை சொல்கிறேன் என்று எழுந்தார்.

வெளி அறையில் அட்மிஷனுக்குப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

"லேய், போர்டுல உள்ள அக்கால்லா இது!" என்று எழுந்தார் சிலுவைதாசன் என்ற லாரி டிரைவர். நாற்பது வயதிருக்கும். "எந்தக் கம்பெனியிலயாக்கும் அக்கா? எனக்கும் இந்த வயசுல கிடைக்குமா?"

கதவருகே நின்ற சஜின் கண்ணாலேயே கெஞ்சினான். ஒரு பொய் சொன்னால் போதும், அடுத்த மாதம் வீட்டுக்குச் சம்பளம் வரும்.

"எனக்கு வேலை இல்ல தம்பி. இருந்த வேலையும் இந்தப் படத்தால போச்சு. படிங்க, நல்லதுதான். இஞ்ச படிச்சா வேலை தருவினும்னு மட்டும் நம்பாதீங்க."

நான்கு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் அசையவில்லை. சிலுவைதாசன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபடி, "பாவம், அவங்களுக்கு யோகம் இல்ல" என்றார். உண்மைக்கு அவ்வளவுதான் மரியாதை.

பாடம் எடுக்கும் வேலையும் அதோடு போயிற்று. பிறகு ஐந்து மாதம், பதினேழு நேர்காணல். ஒருவன் 'ஆன்ட்டி' என்றே ஆரம்பித்தான். இன்னொருவன், வரவேற்பில் உட்காரச் சம்மதமா என்றான். நாகர்கோவிலில் ஒரு சிறிய நிறுவனம் மட்டும், ஓடாத புரோகிராம் ஒன்றைக் கொடுத்து ஏன் ஓடவில்லை என்று கேட்டது. பத்திரத்தில் நிலத்தின் எல்கை சரிபார்ப்பதுபோல வரிவரியாக வாசித்து மூன்று பிழைகளைக் காட்டினார் ஜாஸ்மி. அவர்களுக்கே தெரிந்திருந்தது அதில் ஒன்றுதான். டிசம்பரில் சேர்ந்தார். ஊரில் ஒருவரும் வாழ்த்தவில்லை.

சஜினுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. "சேச்சி, இப்ப உண்மையாவே கிடைச்சிருக்குல்லா? புது போர்டு வைக்கட்டா?" என்று செய்தி அனுப்பினான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜாஸ்மி பதில் அனுப்பினார்: "வச்சுப் பாரு லே. போலீசுக்குப் புகார் மனு நானே டைப் அடிப்பேன்."