சம்மதப் படிவத்தின் இரண்டாவது கோடு

ஏழாம் வகுப்புக்கு அன்று ஆங்கிலத்தில் ஒத்த பொருள் சொற்களை நடத்திக்கொண்டிருந்தேன். பெர்மிஷன் என்று பலகையில் எழுதி, பக்கத்தில் கன்சென்ட், லீவ் என்று எழுதினேன். மேலே இருப்பவர் கொடுப்பது பெர்மிஷன். தன் விஷயத்துக்குத் தானே சரி என்று சொல்வது கன்சென்ட் என்று விளக்கினேன். லீவ் என்பதற்கும் பழைய ஆங்கிலத்தில் அனுமதி என்ற பொருள் உண்டு என்றேன்.

முதல் பெஞ்சிலிருந்த பெண் எழுந்தாள். "மிஸ், லீவுன்னா ஸ்கூல் லீவுதானுங்களே?"

வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முழுப் பரீட்சை முடியட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அன்று புடவை நனையும் அளவுக்கு ரத்தம் போக ஆரம்பித்ததும் பயந்துபோய்த் தலைமையாசிரியையிடம் ஓடினேன்.

"இந்த மாசம் ரெண்டு பெர்மிஷனும் எடுத்துட்டீங்களே மிஸ்," என்றார். எங்கள் பள்ளிகளில் பெர்மிஷன் என்றால் ஒரு மணி நேரம் வெளியே போய் வருவது. மாதத்துக்கு இரண்டுதான். என் முகத்தைப் பார்த்த பிறகு, "சரி, லீவாவே எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க," என்றார். நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டு, கார் பிடித்துச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே ஊரில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் என் மகனுக்கு வழியிலேயே போன் செய்தேன். எனக்கு முன்னால் அவன் வாசலில் நின்றான்.

ரத்தம் ஏற்றி, மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று முடிவானது. ஒரு நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். என் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது.

"இங்க உங்க ஊட்டுக்காரரு போடோணுங்க."

என் கணவர் போர்வெல் வண்டியில் வேலை செய்கிறார். வண்டி அப்போது சத்தீஸ்கரில் இருந்தது. எத்தனை முறை அழைத்தும் மணி அடிக்கவில்லை. திருச்செங்கோட்டில் வண்டி முதலாளிக்கு அழைத்தேன். "காட்டுக்குள்ள ஓடீட்டு இருக்குதுங்க. டவரே இல்லீங்க. டீசலுக்கு வெளிய வந்தாத்தான் லைன் கிடைக்கும்," என்றார்.

"நான்தான் போட்டுட்டனேங்க. என்ற உடம்புக்கு என்ற சம்மதம் போதாதுங்களா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"போதும்தானுங்க. ஆனா கர்ப்பப்பை பாருங்க. நாளைக்கு அவரு வந்து யாரைக் கேட்டு எடுத்தீங்கன்னு சத்தம் போட்டா நாங்க என்னங்க பண்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. இதை எத்தனையோ பெண்களிடம் சொல்லிச் சலித்த குரல் அது. எனக்கு நாற்பத்து நான்கு வயது, இரண்டு பட்டம் வாங்கியவள் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கீழேயும் போய்க்கொண்டிருந்தது. சண்டை போட்டு எழுந்து போக எனக்கு வேறு இடமில்லை.

"நான் போடலாங்களா?" என்றான் மகன்.

"வயசு எத்தனை?"

"பத்தொம்பதுங்க."

"ஆதார் கார்டு வச்சிருந்தாச் சரி, போடு சாமி."

பேனாவை வாங்கியவன் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தான். என்ன எடுக்கப்போகிறார்கள் என்பதை அவன் என் முன்னால் நின்று படித்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போன வருடம் கல்லூரிச் சுற்றுலாவுக்கு என் கையெழுத்து கேட்டு மூன்று நாள் என் பின்னால் சுற்றினான். அவ்வளவு அலையவிட்டுத்தான் போட்டுக் கொடுத்தேன்.

"அம்மா, போடட்டுங்களா?" என்றான்.

தலையசைத்தேன். உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதினான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள், டவர் கிடைத்த இடத்தில் மகன் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டுக் கணவர் அழைத்தார்.

"என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?"

"எத்தனை தடவைங்க கூப்புடறது?"

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "சின்னப் பையனைக் கையெழுத்துப் போட உட்டுட்டனே," என்றார்.

"எப்பங்க வாரீங்க?"

"கேட்டிருக்கறேன். மாத்து ஆளு வந்தாத்தான் உடுவேன்னு முதலாளி சொல்லிப்போட்டாரு."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. முடியவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

மாற்று ஆள் கிடைக்க இருபது நாள் ஆனது. அவர் வந்தபோது நான் சுவரைப் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

"என்ன எழுதியிருக்குது, படி," என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எடுத்த கர்ப்பப்பையின் எடையைச் சொன்ன இடத்தில், "போதும்," என்று எழுந்து வெளியே போய்விட்டார்.