எட்டாவது புள்ளி

மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஆள் ஏற்றி இறக்கும் லோஞ்சுப் படகுக்கு இருபத்தாறு வருசமாய்ச் சுக்கான் பிடிக்கிறவர் ஸைனுலாப்தீன். அஞ்சாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனுசன். லோஞ்சைப் பற்றிக் கேட்டால் கையால்தான் பதில் வரும். உள்ளங்கையை லோஞ்சாக்கி, அந்தரத்தில் ஓட்டி, திருப்பி, அணைத்துக் காட்டுவார். அந்தக் கை விசாரணை மேசைக்குப் போதாது என்பதுதான் இப்போது தலையிடி.

மார்கழியில் ஒரு காலை, அவருடைய லோஞ்சு திருகோணமலை இறங்குதுறைத் தூணில் மோதியது. ஒரு ரீச்சர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "வந்த வேகத்திலேயே கொண்டுபோய் இடிச்சவர்" என்று நாலு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. லோஞ்சு ஓட்டுகிற லைசனை ஒரேயடியாய்ப் பறிப்பதா, விடுவதா என்று அன்றைக்குத் தெரியும்.

எப்போதும் போலச் சிவப்பு மிதவையடியிலேயே எஞ்சினை நிப்பாட்டினேன், பின்னால் போன இழுவைக் கப்பலின் அலைதான் தள்ளினது என்பது அவருடைய கதை. அதைப் படமாகவே ஓட்டிக் காட்டுவது என்று முடிவு கட்டி, மனைவியின் தங்கை நுஸ்ரத் நடத்துகிற, போட்டோகொப்பியும் டைப்பிங்கும் செய்கிற கொமினிக்கேசன் கடைக்குப் போய், லப்டொப்புக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினார்.

"என்ன மச்சான், ரெண்டாங் கலியாணத்துக்குக் காட் அடிக்கவா?"

"பகிடி விடாத மச்சி. இதுக்குள்ள லோஞ்சு ஓடோணும்."

நுஸ்ரத் ஒரு சிலைட் திறந்தாள். நீலக் கடல், வலது பக்கம் இறங்குதுறை, இடது பக்கம் சிவப்பு மிதவை, நடுவில் ஒரு மஞ்சள் லோஞ்சு. மிதவையிலிருந்து துறைக்குக் கோடு இழுத்துத் தட்டினாள். லோஞ்சு ஒரே வேகத்தில் வந்து, ஒரே வேகத்தில் தூணில் போய் மோதியது.

நுஸ்ரத் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதைக் காட்டினா லைசனோட உங்களையும் சேர்த்து வச்சுக்கொள்ளுவானுகள்."

"ரோட்டில பஸ் போற மாதிரிப் போகுது! எஞ்சின் நிண்ட பிறகு லோஞ்சு சோர்ந்து சோர்ந்தெல்லோ வரும்?"

"அப்ப கோட்டில புள்ளி வைக்கோணும். எந்தப் புள்ளிக்கு எத்தினையாவது செக்கனில வரோணும் எண்டு சொல்லிக் குடுக்கலாம்."

அவர் மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். கடல்காரன் எங்கே புள்ளி வைப்பானோ அங்கேயே வைத்தார்: மிதவையில் ஒன்று, பாறையில் ஒன்று, பழைய கம்பத்தில் ஒன்று, துறையில் ஒன்று. நேரத்தைக் குத்துமதிப்பாய்ப் போட்டார். தட்டினால், லோஞ்சு ஒவ்வொரு புள்ளியிலும் வெட்டி வெட்டி, கால் நொந்த ஆடு மாதிரி வந்தது. திரும்பப் போட்டார். திரும்பவும் ஆடுதான். மூன்றாந்தரம் ஏசத் தொடங்கினார். தேத்தண்ணி ஆறிப் போனது.

"இடத்தை விடுங்க மச்சான். ஒரே அளவு நேரத்துக்கொருக்கா லோஞ்சு எங்க எங்க நிண்டது? அதைச் சொல்லுங்க."

"துறையில அணைக்கிறவன் மணிக்கூடா பார்ப்பான்?"

சொல்லி முடிக்க முதலே அவருக்கு நினைவு வந்தது. மணிக்கூடு இருந்தது, வாய்க்குள். எஞ்சினை நிப்பாட்டினால் உதடு தானாய், நபி மேல் சொல்லும் ஸலவாத்தை ஓதத் தொடங்கும். மிதவையிலிருந்து, துறையில் கட்டியிருக்கிற டயரில் லோஞ்சு முட்டும் வரைக்கும் பதினொன்று. காற்றுக்கு அரை கூடும், அரை குறையும். இதை அவர் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

இப்போது சத்தமாய் ஓதினார். ஒன்றுக்கு நாலு செக்கன் என்று நுஸ்ரத் குறித்துக்கொண்டாள். முதலில் ஒரு நல்ல நாளைப் போட்டார்கள். பதினொரு ஸலவாத்துக்குப் பதினொரு புள்ளி. முதல் புள்ளிகள் எட்ட எட்ட விழுந்தன. போகப் போக நெருங்கி, கடைசியில் எறும்புகள் மாதிரி மொய்த்துக்கொண்டன. தட்டினாள். லோஞ்சு வேகமாய் வந்து, தளர்ந்து, இன்னும் தளர்ந்து, டயரில் போய் மெல்லச் சாய்ந்தது.

"இதுதான்டி! இதுதான் என்ர லோஞ்சு!" மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது.

"சரி. அண்டைக்கு எத்தினை ஓதினீங்க?"

"எட்டு. எட்டாவது வாயில இருக்கேக்கதான் இடிச்சது."

நுஸ்ரத் எட்டாவது புள்ளியில் லோஞ்சை நிறுத்தினாள். துறைக்குப் போக இன்னும் ஒரு லோஞ்சு நீளத் தண்ணி கிடந்தது.

"மிதவையில நிப்பாட்டியிருந்தா, எட்டில இங்கதானே நிக்கும்? மிச்சத்தை அலையா தள்ளினது?"

நாப்பது பேரோடு வருகிற லோஞ்சின் பின்பக்கத்தை அலை திருப்பும். முழு நீளம் தள்ளாது. அது அவருக்குத் தெரியாததில்லை. மெதுவாய் அந்தக் காலை திரும்பி வந்தது. மிதவையைத் தாண்டுகிற நேரம், முன்தட்டில் ஒருத்தன் போனை உயர்த்திப் படம் பிடிக்க எழும்பினான். அவனை ஏசி இருத்திவிட்டுத்தான் கை எஞ்சினுக்குப் போனது. மிதவை அப்போது பின்னால் போயிருந்தது.

நுஸ்ரத் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "எட்டைப் பதினொண்டாக்கிவிடட்டா? மிதவையில எஞ்சின் நிண்ட மாதிரியே இருக்கும். நீங்க எண்ணினது ஆருக்குத் தெரியும்?"

"ஓதாத ஸலவாத்தை ஓதினனான் எண்டு மேசைக்கு முன்னால நிண்டு சொல்லச் சொல்றியா?"

"லைசன் போனா?"

"போனாப் போகுது. முதல் புள்ளியைத் துறைப் பக்கம் தள்ளு. இன்னும். மிதவைக்கு இங்கால, ஓம், அதில வை."

வியாழக்கிழமை விசாரணைக்கு இருந்த மூன்று அதிகாரிகளும் அந்த மஞ்சள் லோஞ்சை நாலு தரம் ஓட்டிப் பார்த்தார்கள். அது மிதவையைத் தாண்டி, தளரத் தொடங்கி, தளர்ந்தது போதாமல் வந்தது. அலை பின்பக்கத்தைத் திருப்ப, மூக்கு தூணில் இடித்தது.

"அப்ப எஞ்சினைப் பிந்தி நிப்பாட்டினது நீங்கதானே?" என்று அவர்களில் பெரியவர் கேட்டார்.

"ஓம் சேர். பதினொரு ஸலவாத்து ஓதுற இடத்தில எட்டுத்தான் ஓத நேரம் கிடைச்சது. அலையும் வந்ததுதான். நேரத்துக்கு நிப்பாட்டியிருந்தா இடிச்சிருக்காது. ஆனா வந்த வேகத்தில இடிக்கல்ல. அதைப் பாருங்க."

பெரியவர் ஐந்தாந்தரமும் தட்டினார். லைசன் போகவில்லை. இரண்டு மாதம் சுக்கான் தொடக் கூடாது என்று எழுதினார்கள்.

அந்த இரண்டு மாதமும் லோஞ்சின் உதவியாள் அஸாம் ஓட்டினான். ஸைனுலாப்தீன் ரிக்கற் எடுத்து முன்தட்டுக்குப் பக்கத்தில் குந்திப் போய் வந்தார். ஒரு நாள் மிதவை கிட்டுகிற நேரம், ஒரு பொடியன் போனைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். அஸாம் வாய் திறக்க முதல், இவர் பொடியனின் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார்.

"இரு தம்பி. அங்க சுக்கானடியில ஒருத்தன் எண்ணப் போறான்."