இறங்காமல் நின்றவன்

றிஸ்மின் கடலை விட்டு ஆலை வேலைக்குப் போனதற்கு அவனுடைய மனைவி பஸீஹாதான் காரணம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கடலில் ஓடியதைவிடக் கரையில் கிடந்ததே அதிகம் என்றிருந்த காலம் அது. அவர்களின் ஊரான கண்டக்குழிக்குப் பக்கத்தில், மீன் கழிவை அவித்துக் காயவைத்துக் கோழித் தீனிக்கு மாவாக்கும் ஆலையொன்று புதிதாக எழும்பியிருந்தது. இயந்திரங்களைக் கண்காணிக்கும் வேலைக்கு அங்கே பயிற்சி கொடுத்து ஆள் எடுக்கிறார்கள் என்று பஸீஹா கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

"ஓ.எல். சோதின பாஸான ஆக்கள எடுக்காங்களாம். நீங்க பாஸ்தானே?"

"அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை" என்று றிஸ்மின் சிரித்தான். ஆனாலும் அடுத்த நாள் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனான்.

அதுவரை அவன் அன்ரனிப்பிள்ளையின் படகில் போய்க்கொண்டிருந்தான். ஒருமுறை கச்சான் காற்றில் படகு கவிழ்ந்து, அன்ரனிப்பிள்ளை வலைக்குள் கால் சிக்கி மூழ்கியபோது, பாய்ந்து போய் வலையை அறுத்து அவரை மேலே இழுத்து வந்தவன் றிஸ்மின். அதை அவன் பெரிதாகச் சொல்லித் திரிந்ததில்லை. கண்டக்குழியில் அப்படிப் பாய்வது யாரும் யோசித்துச் செய்கிற காரியமும் அல்ல.

ஆலையில் பயிற்சி கொடுத்தவள் தயானி. உடப்பைச் சேர்ந்தவள், ஏறக்குறைய றிஸ்மினின் வயதுதான் இருக்கும். கொழும்பில் ஒரு பால்மா ஆலையின் கட்டுப்பாட்டறையில் வேலை செய்துவிட்டு, தாய்க்குச் சுகமில்லாமல் போனதால் ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். பலகையொன்றில் மின்குமிழ்களையும் சுவிட்சுகளையும் பூட்டி ஒரு போலிக் கட்டுப்பாட்டுப் பலகை செய்து வைத்திருந்தாள். திடீரென்று ஒரு சிவப்புக் குமிழை எரியவிட்டு, "கொதிகலன்ல அழுத்தம் ஏறுது. இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்பாள். தயங்கினால் மறுபடியும் முதலிலிருந்து.

றிஸ்மினுக்கு அந்தப் படிப்பு பிடித்துப்போனது. தண்ணீர் மட்டம், வெப்பம், அழுத்தம் என்று கண்ணுக்குத் தெரியாத எல்லாம் ஒரு அறைக்குள் எண்களாக வந்து நிற்பதும், ஒன்று சரியில்லையென்றால் மற்றது தானாக நின்றுவிடும்படி கம்பிகள் இணைக்கப்பட்டிருப்பதும் அவனுக்கு வியப்பாக இருந்தது. இரவில் சாப்பிடும்போது பஸீஹாவுக்கும் தம்பி இனாஸுக்கும் அதையே விளக்குவான். "நானா, சோத்த ஆறவிடாம தின்னுங்க" என்று இனாஸ் அண்ணனைப் பகிடி பண்ணுவான். வாப்பா மௌத்தானபோது இனாஸ் சின்னப் பிள்ளை. அவனை வளர்த்ததில் பாதி றிஸ்மின்தான்.

ஆலையின் பின்பக்கம் கழிவுநீர்க் குழியொன்று இருந்தது. நிலத்துக்குள் கொங்கிறீட்டில் கட்டி, இரும்பு மூடி போட்ட ஆழமான குழி. அதைப் பற்றிய பாடத்தை மட்டும் தயானி வகுப்பில் நடத்தவில்லை. குழிவாய்க்கே எல்லோரையும் கூட்டிப்போனாள். கட்டுப்பாட்டறைப் பெனலில் வேலை செய்கிறவர்களோடு வெளி வேலைக்காரர் சிலரையும் அன்று கூப்பிட்டிருந்தாள்.

"இதுக்குள்ள வாற வாயு முதல்ல கூழ்முட்டை மாதிரி மணக்கும். கூடினா மணமே தெரியாது, ஏனெண்டா மூக்குச் செத்துப்போகும். நாத்தம் போயிட்டுது எண்டு நினைக்கிற நேரம்தான் ஆள் விழுறது. உள்ள ஒருத்தர் விழுந்தா ஒருத்தரும் பின்னால இறங்கக்கூடாது. சொந்தச் சகோதரமா இருந்தாலும் சரிதான். அலாரத்த அடிக்கணும், காத்தாடியப் போடணும், மூச்சுக்கருவி போட்ட ஆள் மட்டும் இறங்கணும்."

முத்துலிங்கம் என்ற வெளி வேலைக்காரனுக்கு அது பிடிக்கவில்லை. "மிஸ், கடல்ல ஒருத்தன் விழுந்தா நாங்க பாத்துக்கிட்டு நிக்கிற சாதி இல்ல."

"கடல்ல நீங்க மூச்சப் பிடிச்சிக்கிட்டு நீந்துவீங்க, அண்ணே. இங்க ஒரு மூச்சு எடுத்தா நீங்களும் அவருக்குப் பக்கத்திலதான் கிடப்பீங்க."

பிறகு ஒவ்வொருவரையும் குழிவாயில் கைகளை விரித்து நிற்கச் சொல்லி, மற்றவர்கள் தள்ளிக்கொண்டு இறங்கப் பார்க்க, அவர்களை மறிக்கும்படி பழக்கினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். றிஸ்மினும் சிரித்தான்.

அவன் பெனலுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தபோது, கூலியாட்களைப் பிடித்துக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர் ஒருவர் மூலம் இனாஸும் ஆலைக்கு வந்தான். கொந்தராத்து ஆட்களுக்குப் பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. வாசலில் வைத்துத் தொப்பியையும் சப்பாத்தையும் கொடுத்து, "கவனமா வேலை செய்யுங்க" என்று சொல்லி உள்ளே விடுவார்கள். தயானி அது சரியில்லையென்று இரண்டு தடவை மேலிடத்தில் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளுடைய ஒப்பந்தமே முடிந்து, அவள் சிலாபம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

குழியில் வாயுவை அளக்கும் சென்சர் உப்புக் காற்றில் அரித்துப்போய், திருத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்பப்பட்டிருந்தது. அது இல்லாதவரை மூடியின் பூட்டுத் திறக்காது. அப்படித்தான் அதை அமைத்திருந்தார்கள். பெனலில் ஒரு மஞ்சள் குமிழ் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. றிஸ்மின் அதைப் பற்றி முகாமையாளரிடம் கேட்டான். வரும், வரும் என்றார். வேலை தடைப்படக்கூடாதென்று யாரோ சென்சரைத் தவிர்த்துப் பூட்டின் கம்பியை நேராக இணைத்துவிட்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது.

அன்று காலை குழியின் பம்பு அடைத்துக்கொண்டது. தண்ணீர் மட்டம் ஏறுவதைப் பெனலில் கண்ட றிஸ்மின், குழிக்குள் கழிவுநீர் வரும் வழியை மூடினான். கொந்தராத்துக்காரரின் மேற்பார்வையாளன் முபாரிஸைக் கூப்பிட்டு, "இன்ஜினியர் வரும் வரைக்கும் மூடியத் தொடவேணாம்" என்றும் சொன்னான். முபாரிஸ் தலையாட்டினான். மத்தியானம் லுஹருக்கு நேரமாகியிருந்தது. மற்றப் பெனல்காரனை இருத்திவிட்டு றிஸ்மின் தொழப் போனான்.

தொழுது முடித்துச் சலாம் கொடுத்து எழும்பும்போது வெளியே கூச்சல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் குழி திறந்து கிடந்தது. முத்துலிங்கம் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் தயாராக நின்றான். "இனாஸ்! இனாஸ் உள்ள!" என்று யாரோ கத்தினார்கள். பம்பில் சிக்கிய மீன்முள்ளை எடுத்துவிட்டு வா என்று முபாரிஸ்தான் அவனை இறக்கியிருக்கிறான்.

றிஸ்மின் முத்துலிங்கத்தின் சட்டையைப் பிடித்து இழுத்து நிலத்தில் போட்டான். அவன் மறுபடி எழும்பி வர, முகத்தில் அறைந்தான். மற்றவனை நெஞ்சில் தள்ளினான். பிறகு கைகளை விரித்துக்கொண்டு குழிவாயை மறித்து நின்றான்.

"காத்தாடியப் போடு! மூச்சுக்கருவியக் கொண்டா! ஒருத்தரும் இறங்கேலா!"

கீழே இனாஸ் குப்புறக் கிடந்தான். முதுகு தெரிந்தது. சட்டை மேலே ஏறி, இடுப்பு வெயில் படாத வெள்ளையாக இருந்தது. றிஸ்மின் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அசைவில்லை. தன் கால்கள் தானாகவே ஏணிப் பக்கம் நகர்வதை உணர்ந்து, பக்கத்திலிருந்த இரும்புத் தூணை ஒரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டான். மூச்சுக்கருவி இருந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவரைத் தேடி ஓடினார்கள். கடைசியில் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். கருவியைப் போட்டுக்கொண்டு இறங்கியதும் றிஸ்மின்தான். தம்பியின் இடுப்பில் கயிறு கட்டி மேலே அனுப்பியதும் அவன்தான்.

 ஆஸ்பத்திரியில் டொக்டர், முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

ஜனாஸாவுக்கு ஊரே வந்தது. வந்தவர்கள் றிஸ்மினின் கையைப் பிடித்தார்கள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாளைக்குள் கதை கட்டிவிட்டார்கள். உள்ளே கிடந்த இனாஸ் "நானா, நானா" என்று கூப்பிட்டானாம். மேலே நின்ற நானா இறங்கவுமில்லை, இறங்கப்போனவர்களை விடவுமில்லையாம். மீன்வாடியில் ஆரம்பித்த பேச்சு, உம்மா சபூராவின் காதுக்கு வரும்போது இனாஸ் கையை நீட்டி அழுததாகவும் வளர்ந்திருந்தது.

உம்மா மகனிடம் எதையும் கேட்கவில்லை. சோறு போட்டு வைப்பாள். அவன் வந்து உட்கார்ந்தால் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

தயானி கேள்விப்பட்டுச் சிலாபத்திலிருந்து வந்தாள். உம்மாவின் முன்னால் பாயில் உட்கார்ந்து, றிஸ்மின் இறங்கியிருந்தால் குழிக்குள்ளிருந்து இரண்டு மையத்து வந்திருக்கும், முத்துலிங்கத்தையும் சேர்த்தால் மூன்று என்று பொறுமையாக விளக்கினாள். உம்மா முழுவதையும் கேட்டாள்.

"நீதானா புள்ள அவனுக்கு இதப் படிச்சுக் குடுத்த?"

"ஓம், உம்மா."

"நல்லாத்தான் படிச்சுக் குடுத்திரிக்காய்."

உம்மா எழும்பி உள்ளே போனாள். றிஸ்மின் தயானியை வேலிப் படலை வரை கூட்டிவந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இறங்காம நிண்டதுக்கு அடுத்த நாள் என்ன செய்யிறது எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கல்ல, றிஸ்மின்" என்றாள். அவன் படலையைத் திறந்துவிட்டான்.

ஆலைக்காரர்கள் வேறொரு காரியம் செய்தார்கள். பாதுகாப்பு விதியை மீறாமல் இரண்டு உயிரைக் காப்பாற்றிய ஊழியன் என்று எழுதி, றிஸ்மினின் படத்தைப் பெரிதாக அடித்து வாசலில் ஒட்டினார்கள். வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் உள்ளே போனார்கள். கழற்றச் சொல்லி அவன் முகாமையாளரிடம் மன்றாடினான்.

"ஏன் றிஸ்மின், இது உங்களுக்குப் பெருமைதானே?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "விசாரணைக்கு வாற ஆக்களுக்கிட்ட, உங்கட தம்பி சொல்லாமக் கொள்ளாம இறங்கினார் எண்டு சொன்னாப் போதும். நீங்கதான் மூடியத் தொடவேணாம் எண்டீங்களே" என்றார்.

விசாரணையில் றிஸ்மின் நடந்ததைச் சொன்னான். சென்சர் இல்லாமல் எவ்வளவு காலம் ஓட்டினார்கள் என்பது, பூட்டின் கம்பி, பூட்டிக் கிடந்த மூச்சுக்கருவி, இனாஸை இறக்கியது யார் என்பது, எல்லாவற்றையும் சொன்னான். முபாரிஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். விசாரித்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு என்ன ஆனதென்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. சில வாரங்களில் றிஸ்மினை இனி வரவேண்டாம் என்றார்கள். வாசலில் இருந்த படத்தையும் கிழித்துவிட்டார்கள்.

அவன் திரும்பவும் அன்ரனிப்பிள்ளையிடம் போனான். அவர் கரையில் இயந்திரத்தைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"நான் உன்னைக் குறை சொல்லுவனா, றிஸ்மின்? நான் உயிரோட நிக்கிறதே உன்னால. ஆனா படகில வாற மத்த ரெண்டு பொடியங்களும்…" என்று இழுத்தார்.

"என்ன சொல்றாங்க?"

"தண்ணிக்குள்ள விழுந்தா பாத்துக்கிட்டு நிக்கிறவனோட வர மாட்டமாம்."

 றிஸ்மின் "சரி" என்று சொல்லிவிட்டு நடந்தான். மற்றப் படகுகளில் அவன் கேட்கவேயில்லை.

முத்துலிங்கம் சில மாதம் அவனோடு பேசாமல் இருந்தான். எல்லோருக்கும் முன்னால் அடிவாங்கிய வெட்கமும் இருந்திருக்கலாம். ஒருநாள் சபூராவின் வீட்டுக்குத் தனியாக வந்து முற்றத்தில் நின்றுகொண்டு, "உம்மா, என்ட பிள்ளைகளுக்குத் தகப்பன் இரிக்கான் எண்டா அது உங்கட மகன் அடிச்ச அடியாலதான்" என்றான்.

உம்மா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "ஒன்ட புள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஹயாத்தக் குடுக்கட்டும்" என்றாள். 

பஸீஹாவுக்கு அந்த ஊர் தாங்கமுடியாமல் போனது. கிணற்றடியில் ஒருத்தி முகத்துக்கு நேரே எதையோ கேட்டுவிட்டாள் போல. அவள் என்ன கேட்டாள் என்று பஸீஹா கடைசிவரை புருஷனிடம் சொல்லவில்லை. தில்லையடியில் தன் சாச்சியின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்தாள். உம்மாவையும் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. றிஸ்மினுக்குப் புத்தளத்தில் ஒரு ஐஸ் ஆலையில் வேலை கிடைத்தது. அங்கேயும் பெனல்தான், அங்கேயும் அமோனியா என்றொரு வாயுதான். தயானி சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையும் அவன் மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் அவனுக்குக் கரைச்சல் என்று பஸீஹா ஒருமுறை சாச்சியிடம் சொன்னாள்.

அடுத்த வருஷம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உம்மா கண்டக்குழியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தடவிக் கால்களை நீவிவிட்டாள். பஸீஹா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். றிஸ்மின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். உம்மா குழந்தையின் காலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அவன் ஒன்னக் கூப்பிட்டானா?"

றிஸ்மினுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவ்வளவு காலமும் உம்மா அந்தச் சத்தத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பதும், அப்படியொரு சத்தமே இல்லையென்று தானோ மற்றவர்களோ அவளிடம் சொல்ல நினைக்கவில்லை என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"இல்ல, உம்மா. கூப்பிடல்ல. நான் வரக்குள்ளயே அவன் விழுந்திட்டான். ஒரு மூச்சுத்தான். ஏணியில இருந்து விழுந்ததுகூட அவனுக்குத் தெரிஞ்சிராது."

"எனக்காகப் பொய் சொல்லாத."

"வல்லாஹி, உம்மா. நான்தான் அவனக் கூப்பிட்டன். அவன் ஒண்டும் பேசல்ல."

உம்மாவின் கைகள் நின்றன. குழந்தை சிணுங்கியது. மறுபடி நீவத் தொடங்கினாள். நம்பினாளா இல்லையா என்று அவனால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளைக்கு ஒன்ட வாப்பாட கால்" என்றாள். றிஸ்மின் எழும்பி வந்து குழந்தையின் காலைப் பார்த்தான்.

நோன்புக்கும் பெருநாளுக்கும் இப்போது உம்மா தில்லையடிக்கு வருகிறாள். அவன் வைத்த சோற்றைச் சாப்பிடுகிறாள். தங்குவதில்லை. இருட்டுறதுக்கு முதல் கண்டக்குழிக்குப் போய்விட வேண்டும் என்பாள். றிஸ்மின் பஸ்ஸில் ஏற்றிவிடப் போவான். அவளுடைய பையைத் தூக்க இருவருமாகக் கையை நீட்டுவார்கள், சில நாள் அவள் அதை அவனிடம் விடுவாள், சில நாள் விடமாட்டாள்.